குளியலறைக்கு வைனில் டைல்ஸ்: எந்த மூலையில் இருந்து தொடங்குவது?

இரணைமடுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கிளிநொச்சியில், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 550 சதுர அடிதான். மலசலகூடம் பின்வளவில், நாற்பது எட்டு நடக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் இப்போது சரியில்லை. மாரியில் இரவு எழும்பினால் நான் டோர்ச்சோடு முன்னால், அவர் பின்னால், பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அதனால் அவருடைய அறையோடு ஒட்டி ஒரு குளியலறை இழுத்திருக்கிறேன். நிலத்துக்கு ஐப்பசியில் சீமெந்து போட்டது. பொங்கலுக்கு முதல் முடிக்க வேண்டும்.

வழுக்காமல், காலுக்குக் குளிராமல் இருக்கட்டும் என்று வவுனியாவில் வைனில் (ஒரு வகை பிளாஸ்டிக்) டைல்ஸ் 30 வாங்கிவிட்டேன். 12க்கு 12 அங்குலம், 2 மில்லிமீற்றர் தடிப்பு, பின்பக்கம் தாளை உரித்து ஒட்டுவது.

அறை 64 அங்குல அகலம், 93 அங்குல நீளம். கதவு அகலச் சுவரில், வலது மூலையில் இருந்து 4 அங்குலம் தள்ளி. கதவு அகலம் 30 அங்குலம். கொமட் குழாய் கதவுக்கு இடப்பக்கம்: இடச்சுவரில் இருந்து 15, கதவுச் சுவரில் இருந்து 12 அங்குலம். கொமட் இன்னும் பூட்டவில்லை. உள்ளே கடைசி 3 அடி குளிக்கிற இடம்.

இடது மூலையில் முழு டைல் வைத்து அப்படியே ஒட்டிக்கொண்டு போகலாமா? கடைசியில் 4 அங்குலத் துண்டுதானே வரும்?

ஸ்காபரோ_பெடியன்

மூலையில் இருந்து மட்டும் தொடங்காதே. நான் இங்கே கனடாவில் இரண்டு குளியலறைக்கு வைனில் ஒட்டியிருக்கிறேன், இரண்டாவதுதான் ஒழுங்காக வந்தது. முதலாவதில் நீ சொன்ன மாதிரியேதான் மூலையில் தொடங்கினேன். சுவர் வளைவென்று நாலாவது வரிசையில்தான் தெரிந்தது.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுவை அளந்து, நூலில் சோக்குத் தூள் தேய்த்து, இழுத்துச் சுண்டிவிடு. அறைக்கு நடுவில் ஒரு சிலுவை விழும். தாளை உரிக்காமல் அந்தச் சிலுவையில் இருந்து நாலு பக்கமும் டைல்ஸை அடுக்கிப் பார். சுவரோரம் அரை டைலை விடச் சின்னத் துண்டு வந்தால் கோட்டை அரை டைல் தள்ளு, அதாவது 6 அங்குலம். துண்டு பெரிதாகிவிடும். ஒட்டுகிற வேலையை விட இந்த அடுக்கிப் பார்க்கிற வேலைக்குத்தான் கூட நேரம் போகும்.

மாங்குளம்_மேசன்

தம்பி ஸ்காபரோ, கோடு போடுகிற கதை சரி. ஆனால் உங்கள் ஊரில் தண்ணீர் தொட்டிக்குள்ளே நிற்கும், மற்ற நிலம் காய்ந்து கிடக்கும். இங்கே குளிக்கிறவர் வாளியை வைத்து அள்ளி ஊற்றினால் கதவு வரை நனையும். அதற்குமேல் வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா இரண்டு வாளி ஊற்றித் தும்புத்தடியால் தேய்ப்பார். உரித்து ஒட்டுகிற டைலுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு மூட்டு. அத்தனை மூட்டும் தண்ணீருக்கு வாசல்.

இருபது வருடமாக மாபிள் பதிக்கிறேன் (செரமிக் டைல்ஸைத்தான் சொல்கிறேன், டைல்ஸ் என்றால் இங்கே யாருக்கு விளங்கும்). குளிக்கிற இடத்துக்கு வைனில் வேண்டாம். சொரசொரப்பான மாபிளைப் போடு.

புதுப்புக்கா

மேசன் அண்ணை சொன்னதை நான் காசு கொடுத்துப் படித்தேன். புதுக்குடியிருப்பு வீட்டில் குளிக்கிற இடம், கொமட் இடம் என்று பார்க்காமல் முழுக்க ஒட்டினோம். அதுவும் கார்த்திகையில். மூன்று மாதத்தில் தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி மூலைகள் அப்பளம் மாதிரி எழும்பின. ஒன்றை உரித்துப் பார்த்தேன். கீழே பசை கறுத்து, சாக்கு ஊறின நாற்றம். அதை முழுதும் சுரண்டி எடுக்க நாலு நாள் போனது.

தம்பி, கொமட் பக்கத்தோடு நிறுத்துங்கள்.

இரணைமடுக்காரன்

சரி, விளங்கிவிட்டது. குளிக்கிற 3 அடிக்குச் சொரசொரப்பான மாபிள். நடுவில் 4 அங்குல அகலத்தில், 3 அங்குல உயரத்தில் ஒரு கட்டை கட்டி மறித்தால் வைனிலுக்கு 53 அங்குலம் மிச்சம். ஆக 64க்கு 53. இனி எப்படி அடுக்குவது?

கணக்கு_சேர்

நான் முல்லைத்தீவில் படிப்பிக்கிறேன், மேசன் வேலை தெரியாது. ஆனால் இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.

அகலம் 64. ஒரு டைலை நடுக்கோட்டின் மேல் வைத்தால் முழு டைல் 5, அது 60. மிச்சம் 4, பக்கத்துக்கு 2 அங்குலம். மூட்டை நடுக்கோட்டில் வைத்தால் முழு டைல் 4, அது 48. மிச்சம் 16, பக்கத்துக்கு 8. ஸ்காபரோத் தம்பி அரை டைல் தள்ளச் சொன்னது இதற்குத்தான்.

நீளம் 53. கதவடியில் முழு டைலோடு தொடங்கினால் 4 டைல், கட்டையோரம் 5 அங்குலத் துண்டு. நடுவில் இருந்து அடுக்கினால் இரண்டு பக்கமும் எட்டரை.

அதற்கு முதல் ஒரு கேள்வி. அறை மூலைமட்டமா, அதாவது மூலைகள் 90 பாகையா? கதவுச் சுவரோரம் மூலையில் இருந்து 3 அடியில் ஒரு புள்ளி, பக்கச் சுவரோரம் 4 அடியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே நேர் 5 அடி வர வேண்டும். இரண்டு மூலையிலும் அளந்து சொல்லுங்கள்.

இரணைமடுக்காரன்

சேர், வலது மூலை அச்சொட்டாக 5 அடி. இடது மூலை 5 அடியும் அரை அங்குலமும். மூன்று தரம் அளந்தேன். அரை அங்குலம்தானே, பூச்சில் வந்திருக்கும்.

கணக்கு_சேர்

அரை அங்குலம்தானே என்று விட முடியாது. 36, 48, 60½ என்ற முக்கோணத்தில் அந்த மூலை 91 பாகை. ஒரு பாகைதான் கூட. ஆனால் 4 அடி உள்ளே போகும்போது இடச்சுவர் முக்கால் அங்குலத்துக்கு மேல் வெளியே போயிருக்கும். கதவடியில் 64 என்றால் உள்ளே கிட்டத்தட்ட 64¾. அளந்து பாருங்கள்.

2 அங்குலத் துண்டு வைத்தால் அது உள்ளே போகப் போக 2¾ ஆகும். அகலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 8 அங்குலம் 8¾ ஆனால் அளவுநாடா இல்லாமல் ஒருவராலும் பிடிக்க முடியாது.

இரணைமடுக்காரன்

64¾ சரியாக வந்தது! சேர், நீங்கள் முல்லைத்தீவில் இருந்துகொண்டே என் சுவரை அளந்துவிட்டீர்கள்.

வட்டக்கச்சி_98

எனக்கு ஒரு சந்தேகம். 2 அங்குலத் துண்டு என்றால் ஒரு டைலிலேயே நாலைந்து கீலம் வெட்டலாம். 8 அங்குலம் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டைல் போகிறது. வீண்தானே?

மாங்குளம்_மேசன்

நாலு வரிசைக்குக் கணக்குப் பார். 2 அங்குல முறையில் 22 டைல், 8 அங்குல முறையில் 24. இரண்டு டைல் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ஒடுங்கின கீலத்துக்குப் பசைப் பரப்புக் குறைவு. சுவரோரம்தான் தண்ணீர் தங்கும், தும்புத்தடி இடிக்கும். முதலில் கழன்று வருவது அதுதான்.

இப்போது கதவைப் பார்ப்போம், ஒருவரும் பார்க்கவில்லை. குளியலறையை யாரும் நடுவில் நின்று பார்ப்பதில்லை. கதவைத் திறந்து வாசலில் நின்றுதான் பார்க்கிறோம். கதவு வலச்சுவரில் இருந்து 4 முதல் 34 வரை. அதன் நடு 19. பக்கத்துக்கு 8 வைத்தால் மூட்டுகள் 8, 20, 32இல் விழும். வாசலில் நின்றால் ஒரு பக்கம் 4 அங்குலத் துண்டு, மற்றப் பக்கம் 2. அரியண்டமாக இருக்கும். கோட்டை ஓர் அங்குலம் வலப்பக்கம் தள்ளு. வலது ஓரம் 7, இடது ஓரம் 9. மூட்டுகள் 7, 19, 31. வாசலில் 3, 12, 12, 3. அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 9 அங்குலப் பக்கம்தான் சுவர் விரிகிறது, அந்தப் பக்கம்தான் கொமட்டும் நிற்கும். நல்லதாய்ப் போயிற்று.

நீளத்துக்கு ஏன் 53ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? கட்டை இன்னும் கட்டவே இல்லையே! டைலைக் கட்டைக்கு வெட்டாமல், கட்டையை டைலுக்குக் கட்டு. கதவடியில் இருந்து 48 அங்குலமும் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) விட்டுக் கட்டையை வை. நாலு முழு டைல், ஒரு வெட்டும் இல்லை. அந்த ஒரு நூல் இடைவெளி, தண்ணீர் போகாமல் அடைக்கிற சிலிக்கனுக்கு. குளிக்கிற இடமும் 36 போய் 41 அங்குலம் ஆகிறது, அம்மாவுக்கு ஒரு கதிரை போடலாம். கட்டையைப் பின்சுவருக்கு நேராக அல்ல, டைல் கோட்டுக்கு நேராகக் கட்டு. சுவர் கோணலை மாபிள் பக்கம் தள்ளிவிடலாம், அங்கே நான் பார்த்துக்கொள்வேன்.

ஸ்காபரோ_பெடியன்

அண்ணை, கட்டையை டைலுக்குக் கட்டுகிற யோசனை எனக்கு வரவே இல்லை. இங்கே எல்லாம் முதலே கட்டி முடிந்துதான் கைக்கு வரும்.

புதுப்புக்கா

எல்லாம் சரி, முழங்கால் ஏலாத மனிசிக்கு 3 அங்குலக் கட்டையா? இரவில் அதில் தடக்கி விழுந்தால் உங்கள் 7உம் 9உம் என்ன செய்யும்?

மாங்குளம்_மேசன்

அக்கா சொன்னது நியாயம். குளிக்கிற பக்க நிலத்தை ஓர் அங்குலம் இறக்கு, கட்டையை ஓர் அங்குலம் மட்டும் ஏற்று, விளிம்பை உருட்டிவிடு. தண்ணீருக்கு அது 2 அங்குலம், அம்மாவுக்கு ஒன்று. குளிக்கிற பக்கத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடு. 41 அங்குலத்துக்கு முக்காலுக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். கட்டைக்கு நேரே சுவரில் ஒரு கைப்பிடி பூட்டு.

கணக்கு_சேர்

சீமெந்து காய்ந்துவிட்டதா? ஐப்பசியில் போட்டதென்றால் மழை முழுக்க அதற்குக் கீழேதானே.

புதுப்புக்கா

ஓம், அதைப் பாருங்கள் முதலில். ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் வெட்டி, நாலு விளிம்பும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி நிலத்தில் விடுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம். நான் இதைச் செய்யாமல் விட்டதுதான் பிழை.

இரணைமடுக்காரன்

நேற்றுப் பின்னேரம் ஒட்டினேன், இன்று மத்தியானம் பார்த்தேன். பொலித்தீனின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கீழே சீமெந்து கறுத்துப்போய் இருக்கிறது. மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. நிலத்துக்குக் கீழே பொலித்தீன் விரித்தீர்களா என்று கேட்காதீர்கள், விரிக்கவில்லை.

மாங்குளம்_மேசன்

பொங்கலை மறந்துவிடு. 28 நாள் என்பது சீமெந்து இறுகுகிற கணக்கு, காய்கிற கணக்கு வேறு. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் மழை இல்லாவிட்டால். கிணற்றில் தண்ணீர் கீழே போகட்டும். தை கழிந்து மாசி வெயில் ஏறின பிறகு திரும்பப் பொலித்தீன் ஒட்டிப் பார். அதுவரை கட்டையைக் கட்டு, குளிக்கிற பக்கம் மாபிளைப் பதித்து முடி. கதவையும் யன்னலையும் திறந்து வை. அப்போதும் முத்துப் பிடித்தால் வைனிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுக்க மாபிள் போடு. மேலே எதைப் பூசினாலும் கீழே இருந்து வருகிற ஈரத்தை நம்ப ஏலாது.

ஸ்காபரோ_பெடியன்

காத்திருக்கிற நேரத்தில் டைல் பெட்டிகளைத் தகரக் கொட்டிலுக்குள் வைக்காதே. சூட்டில் வளைந்தால் பிறகு நிமிராது. தட்டையாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒட்டுவதற்கு இரண்டு நாளுக்கு முதல் அந்தக் குளியலறைக்குள்ளேயே கொண்டுபோய் வை. பெட்டிகளில் ஒரே தொகுதி இலக்கமா என்றும் பார், நிறம் மாறும். பின்பக்கம் அம்புக்குறி இருந்தால் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும்.

வட்டக்கச்சி_98

கொமட்டைப் பூட்டிவிட்டு ஒட்டுவதா, ஒட்டிவிட்டுப் பூட்டுவதா?

மாங்குளம்_மேசன்

ஒட்டுகிற வைனில் என்றால் ஒட்டிவிட்டுப் பூட்டு. கொமட் அடி வெட்டின விளிம்பை மூடிவிடும். கொழுவிக் கொழுவி விரிக்கிற பலகை மாதிரி வைனில் என்றால் கதை வேறு. அது நிலத்தில் ஒட்டாமல் மிதக்கிற தரை, மேலே பாரத்தை முறுக்கிப் பூட்டினால் அசைய இடமில்லாமல் மூட்டு விடும்.

இங்கே குழாய் 12 அங்குலத்தில் இருப்பதால் முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் இடையில் மூட்டில் விழுகிறது. ஒரே டைலில் முழு வட்டம் வெட்டத் தேவையில்லை, இரண்டில் அரை அரை வட்டம். முதலில் மட்டையில் வெட்டிப் பார், அது சரியாக உட்கார்ந்தால் டைலில் வை.

*(பங்குனி)*

இரணைமடுக்காரன்

வேலை முடிந்தது. கேட்டு எழுதினவர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

மாசிக் கடைசியில் திரும்பப் பொலித்தீன் ஒட்டினேன். இரண்டு இடத்தில், ஒரு முழு நாள். உள்ளே ஒரு துளி இல்லை, நிலத்தின் நிறமும் மாறவில்லை. பிறகு நிலத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் பூசினேன். தூசி மேல் ஒட்டினால் பசை தூசியைத்தான் பிடிக்கும் என்று அக்கா தனியாக எழுதியிருந்தார்.

கோடு கதவுச் சுவரில் இருந்து. வலச்சுவரில் இருந்து 19 அங்குலத்தில் புள்ளி, அதில் இருந்து 3-4-5 பார்த்து நேர்கோடு. பள்ளிக்கூடச் சோக்கு இரண்டை இடித்து நூலில் தேய்த்தேன். ஒரு முனையைத் தங்கச்சி பிடித்தாள். உரிக்காமல் 24ஐயும் அடுக்கி, வாசலில் போய் நின்று பார்த்தேன். 3, 12, 12, 3. கதவுக்கு அளந்து செய்த மாதிரி.

ஓரத் துண்டு வெட்ட நான் அளவுநாடா பிடிக்கவே இல்லை. மேசன் அண்ணை தொலைபேசியில் சொன்ன முறை: வெட்ட வேண்டிய டைலைக் கடைசி முழு டைலின் மேல் அச்சொட்டாக வைக்க வேண்டும். அதற்கு மேல் இன்னொரு டைலை வைத்துச் சுவரில் முட்டும்வரை தள்ள வேண்டும். மேல் டைலின் மற்ற விளிம்போரம் நடு டைலில் கத்தியால் கீற வேண்டும். மூடாமல் வெளியே தெரிகிற துண்டுதான் இடைவெளிக்குரிய துண்டு. சுவர் கோணலாக இருந்தால் துண்டும் அதே கோணலோடு வருகிறது. இடப்பக்கம் நாலு துண்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் அகலம் கூடி வந்தன. சேரின் ஒரு பாகை இப்போது என் வீட்டு நிலத்தில் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை.

பிழை விடாமலும் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு டைலை அம்பு பார்க்காமல் ஒட்டிவிட்டேன். பகலில் தெரியவில்லை. பின்னேரம் யன்னல் வெயில் சரிந்து விழுந்தபோது அது மட்டும் தனியாக மினுங்கியது. உரிக்கப் போய் மூலை கிழிந்துவிட்டது, புதிதாக ஒன்று வைத்தேன். ஒட்டி முடித்ததும் அம்மாவின் ரொட்டிக் கட்டையால் நடுவில் இருந்து ஓரம் வரை அழுத்தி உருட்டினேன். அவர் அந்தக் கட்டையைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார், புதிது வேண்டுமாம்.

சுவரோரம், கட்டையோரம், கொமட் அடி எல்லாவற்றுக்கும் சிலிக்கன். ஒரு நாள் நனைக்காமல் விட்டோம்.

கணக்கு_சேர்

மகிழ்ச்சி. அந்த 91 பாகையை வகுப்பில் கேள்வியாகப் போட்டுவிட்டேன்.

புதுப்புக்கா

கட்டை தடக்கவில்லையா அம்மாவுக்கு?

இரணைமடுக்காரன்

முதல் இரண்டு நாள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போகிறார். வெள்ளிக்கிழமை வாளியோடு வந்தார், கட்டைக்கு இந்தப் பக்கம் ஊற்ற விடவில்லை, துடைப்பதோடு சரி. அதில் எனக்கும் அவருக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை.

கொமட் முன்னால் போட ஒரு கால்மிதி வாங்கி வந்திருக்கிறார், அடியில் ரப்பர் உள்ளது. போடலாமா?

ஸ்காபரோ_பெடியன்

ரப்பர் அடி வேண்டாம். ரப்பர் வைனிலோடு ஒட்டிக் கிடந்தால் மஞ்சள் கறை பிடிக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் முதல் குளியலறையில் இன்னும் இருக்கிறது, கால்மிதியின் வடிவிலேயே. ஆனால் வெறும் துணி போட்டால் வழுக்கும், அம்மாவுக்கு அது அதைவிட மோசம். அந்த இடத்தில் கால்மிதியே போடாமல் விடு.

இரணைமடுக்காரன்

சரி, அது வாசலுக்கு வெளியே போகட்டும். 5 டைல்ஸ் மிச்சம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடவா?

மாங்குளம்_மேசன்

கொடுக்காதே. அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது. தட்டையாக அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வை.